அண்ணிக்கு ஒரு ஏப்ரன்

எங்கள் சொந்தத்திலும் சிநேகத்திலும் ஒரு கண்ணாடிக் கிண்ண செட் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு பெரிய கிண்ணம், ஆறு சின்னது. ஒரு கிறிஸ்துமஸுக்கு பந்திங் ஊரில் இருக்கும் என் தங்கைக்கு அதைக் கொடுத்தேன். இரண்டு வருஷம் கழித்து அதே பெட்டி எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் மரத்தடிக்கே வந்து உட்கார்ந்தது. கொண்டுவந்தவர் தங்கைகூட இல்லை, என் வீட்டுக்காரரோடு ஷா ஆலம் தொழிற்சாலையில் வேலை செய்தவர். நடுவில் எத்தனை வீட்டு அலமாரியைப் பார்த்ததோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். பெட்டியின் அடியில் என் கையெழுத்தில் "அன்புடன்" என்று ஒரு சின்ன அட்டை. எனக்கு நானே அன்பு செலுத்தியிருக்கிறேன்.

அன்றைக்கு எரிச்சலில்தான் சொன்னேன், அடுத்த வருஷம் எல்லாருக்கும் கையால் செய்துதான் கொடுப்பேன் என்று. கிள்ளானில் ஒரு பல் டாக்டர் கிளினிக்கில் கவுன்ட்டரில் உட்காருகிறவள் நான். பக்கத்து நாற்காலியில் இருக்கும் பெண் இதைக் கேட்டுவிட்டு, "நல்ல ஐடியாக்கா. கடையில வாங்கினதை அடுத்த ஆளுக்குத் தள்ளிவிட்டுடலாம். கையால செஞ்சதை எங்க தள்றது? மாட்டிக்கிட்டாங்க லா" என்றாள். சிலர் சமையல் குறிப்புகளைச் சேர்த்து வைப்பார்கள். நான் இந்த மாதிரிப் பேச்சைச் சேர்த்து வைக்கிறவள். இது மனசில் அப்படியே தங்கிவிட்டது.

தையல் எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. யூடியூப் பார்த்து, தப்பாக அடித்து, பிரித்து, மறுபடி அடித்துக் கற்றுக்கொண்டது. ரவிக்கை தைக்கச் சொன்னால் ஓடிவிடுவேன். ஏப்ரன் வரும். பழைய சேலைகளைச் சதுரம் சதுரமாக வெட்டி ஒட்டுப்போட்டு, உள்ளே கெட்டித் துணி வைத்து, சேலைக் கரையை நாடாவாக வைத்தால் பார்க்கவும் அழகு, எண்ணெய் தெறித்தாலும் கவலையில்லை. ஒன்பது பேருக்கு ஒன்பது ஏப்ரன். மாதா கோவில் பாட்டுக் குழுவின் வாட்ஸ்அப்பில் "பழைய சேலை இருந்தால் தாருங்கள்" என்று போட்டேன்.

அதற்குப் பிறகு என் வீட்டு வாசலைப் பார்த்திருக்க வேண்டும். போகிற வருகிற எல்லாரும் ஒரு பையைத் தொங்கவிட்டுவிட்டுப் போனார்கள். எல்லாம் துணிக்கடைப் பை. நம் வீடுகளில் சேலை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போவதென்றால் துணிக்கடைப் பையில்தான் போகும். புதுச் சேலை, பழைய சேலை, கடன் கேட்ட சேலை, கட்டிவிட்டுத் திருப்பித் தரும் சேலை, எல்லாவற்றுக்கும் அதே பைதான். அதுவும் திருப்பிக் கொடுக்க வேண்டிய சேலையென்றால் மறக்காமல் இருக்கக் கதவுப் பிடியில் மாட்டி வைப்போம். என் அறைக் கதவுப் பிடியிலும் அப்படி ஒரு பை ஜூன் மாதத்திலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணுக்கு நேரே தொங்குகிற பொருளைப் போல மறந்துபோகிற பொருள் வேறு கிடையாது.

அந்தப் பையில் இருந்தது என் அண்ணியின் சேலை. இங்கே கொஞ்சம் அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அண்ணி, என் ஒரே அண்ணனின் மனைவி. பிரிக்ஃபீல்ட்ஸில் அடுக்குமாடி வீடு. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிட்டையர் ஆனவர். அவர் ஊசியை எடுத்தால் அழுகிற குழந்தையும் வாயை மூடிக்கொள்ளும் என்று அண்ணன் சொல்வார். அப்படிப்பட்டவரோடு நான் மூன்று வருஷம் பேசாமல் இருந்தேன். சரியாகச் சொன்னால் அவர் என்னோடு பேசாமல் இருந்தார். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். என் மகள் பட்டம் வாங்கியதற்கு வைத்த விருந்துக்கு அவரை வாட்ஸ்அப்பில் அழைத்துவிட்டேன். எல்லாருக்கும் அனுப்பிய அதே படம், அதே மெசேஜ். "நான் உன் அண்ணியா, உன் குரூப்ல ஒரு நம்பரா?" என்று ஒரு வரி வந்தது. அவ்வளவுதான். மூன்று வருஷம்.

போன ஜூனில் அவர் மகனுக்குக் கல்யாணம். ஒரு சனிக்கிழமை மத்தியானம் அண்ணி தானே கிள்ளானுக்கு வந்தார். தட்டில் பத்திரிகை, பழம், அதோடு ஒரு துணிக்கடைப் பை. "இதைக் கட்டிக்கிட்டு வா. மாப்பிள்ளையோட அத்தை பளிச்சுன்னு இருக்கணும்" என்றார். உள்ளே மாங்காய்ப் பச்சையில் அரக்குக் கரை போட்ட பட்டுச் சேலை. ரிட்டையர் ஆன அன்றைக்கு யாரையும் கேட்காமல் தனக்கென்று போய் வாங்கிக்கொண்ட சேலை அது. "எனக்குன்னு நானே பார்த்து வாங்கினது இது ஒண்ணுதான். கட்டிட்டுத் தா" என்றார். மன்னிப்பு கேட்பது, மன்னிப்பது எல்லாம் எங்கள் குடும்பத்தில் வாய்வழியாக நடப்பதில்லை. அந்தச் சேலைதான் அவர் பேச்சு. கல்யாணத்துக்குக் கட்டினேன், டோபிக்குப் போட்டேன், பையில் வைத்துக் கதவில் மாட்டினேன். இந்த வாரம் கொடுக்கலாம், அடுத்த வாரம் கொடுக்கலாம் என்றே மாதம் ஓடியது.

இனி என் வீட்டுக்காரர் வருகிறார். முப்பது வருஷம் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்துவிட்டு வீட்டில் சும்மா இருக்கச் சொன்னால் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. நான் ஒரு சேலையை எடுத்து, தரையில் விரித்து, அளந்து, வெட்டுவதைப் பார்த்தார்.

"இப்படி வெட்டினா அடுத்த ஈஸ்டருக்குத்தான் முடியும். வேலைன்னா ஒரு முறை வேணும்."

"இது ஃபேக்டரி இல்லைங்க."

"அதனாலதான் இந்த நிலைமையில இருக்கு."

பலகையில் எட்டங்குலச் சதுரம் ஒன்று அறுத்துக்கொண்டார். பீட்சா வெட்டுவது போன்ற ஒரு சக்கரக் கத்தி வாங்கினார். ஒரு நாள் நான் கிளினிக்கிலிருந்து வருவதற்குள் வீட்டில் இருந்த பைகளையெல்லாம் பிரித்து, சேலைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, மொத்தத்தையும் வெட்டித் தள்ளிவிட்டார். சதுரங்கள் ஒரு கூடை, கரைகள் ஒரு கூடை, மிச்சம் ஒரு பை. முகத்தில் அப்படி ஒரு வெற்றி. "ஒரே ஷிஃப்ட்ல முடிச்சிட்டேன் பாத்தியா" என்றார். நானும், என் புத்தியை என்ன சொல்ல, "பரவாயில்லையே" என்றேன். தேநீர் போட்டுக் கொடுத்தேன்.

இதை எழுதும்போதும் என் கையைக் கடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. அந்தக் கூடையில் மாங்காய்ப் பச்சைச் சதுரங்களை நான் பார்த்தேன். கையில் எடுத்தும் பார்த்தேன். முந்தியும் கரையும் கூடவே இருந்தால்தானே அது சேலை. இருபது சேலைத் துண்டுகளுக்கு நடுவில் அது வெறும் பச்சைத் துணி. ஒரே ஒரு நாள் கட்டிய சேலையின் நடுத்துணி எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கும்? "எவ்வளவு நல்ல பட்டு, யாரோ பெரிய மனசு பண்ணிக் குடுத்திருக்காங்க" என்று மகளிடம் சொன்னேன். அதோடு நிறுத்தினேனா? இல்லை. இவ்வளவு நல்ல துணி யாருக்குப் போக வேண்டும் என்று யோசித்தேன். மூன்று வருஷப் பேச்சில்லாத் தவம் முடிந்து வரும் முதல் கிறிஸ்துமஸ். அந்தப் பச்சைத் துண்டுகளாகப் பொறுக்கியெடுத்து, எடுப்பாக இருக்கிறதென்று கரைக் கூடையிலிருந்து ஒரு அரக்குக் கரையை நாடாவாக வைத்து, ஒன்பதிலேயே அழகான ஏப்ரனை அண்ணிக்கு என்றே தைத்தேன்.

பெரியவர்களுக்கு முதலில் போக வேண்டும் என்பது எங்கள் வீட்டு முறை. மகள் தினமும் ரயிலில் கேஎல் சென்ட்ரல் போகிறவள், அண்ணி வீடு அங்கிருந்து நடக்கிற தூரம். பொட்டலத்தை அவளிடம் கொடுத்து அனுப்பினேன். மேலே எழுதியிருந்தேன்: கிறிஸ்துமஸ் அன்றுதான் பிரிக்க வேண்டும்.

ஐந்து நாள் கழித்து அண்ணி போன் செய்தார். நலம் விசாரித்தார். மழை, முறுக்கு மாவு, மருமகள், எல்லாம் பேசினார். கடைசியில்தான் கேட்டார்.

"அந்தப் பச்சைச் சேலை உங்கிட்டதான இருக்கு? கிறிஸ்துமஸுக்கு சர்ச்சுக்கு அதைத்தான் கட்டலாம்னு இருக்கேன்."

"சரிங்க அண்ணி" என்றேன். போனைக் கையில் பிடித்தபடியே கதவுப் பக்கம் திரும்பினேன். பிடி வெறுமையாக இருந்தது.

போனை வைத்ததும் அடுக்களையில் நாங்கள் பைகளைப் போட்டு வைக்கும் பெரிய பையைக் கவிழ்த்தேன். அடியில் அந்தப் பை. உள்ளே டோபிக்காரர் குத்திய சீட்டு மட்டும் இருந்தது.

"ஏங்க, கதவுல மாட்டியிருந்த பையையுமா எடுத்தீங்க?"

"எல்லாப் பையையும்தான் எடுத்தேன். பிரிச்சு வைக்கலைன்னா எனக்கு எப்படித் தெரியும்? ஸ்டோர்ல லேபிள் வேணும்."

"அது அண்ணி சேலைங்க."

அவர் செய்தித்தாளைக் கீழே வைத்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் செய்தித்தாளைத் தானாகக் கீழே வைத்தது அன்றுதான். "அலாமாக்" என்று தலையில் கை வைத்தார். பிறகு மெதுவாக, "எந்த ஏப்ரன்ல போயிருக்கு?"

"அண்ணி ஏப்ரன்ல."

சிரிக்கக்கூடாது என்று அவர் பட்ட பாட்டை நான் பார்த்தேன். அவரை அப்போது என்ன செய்திருந்தாலும் தப்பில்லை.

மறுநாள் கிள்ளான் துணிக்கடைத் தெருவில் நாலு கடை ஏறி இறங்கினேன். கடைசிக் கடையில், மூன்று தலைமுறையாகத் துணி விற்கும் குடும்பத்து மனிதர், என் போனில் இருந்த கல்யாணப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார். "ஆன்டி, இந்தப் பச்சை இப்ப வர்றதில்ல. கிட்டத்துல ஒண்ணு இருக்கு. ஆனா கட்டினவங்க கண்ணை ஏமாத்த முடியாது. புருஷன் மாறினாகூட சில பேர் கவனிக்க மாட்டாங்க, சேலை மாறினா கண்டுபிடிச்சிருவாங்க" என்றார். வியாபாரம் கெட்டாலும் உண்மையைச் சொன்ன மனிதர். அவர்மேலும் எனக்குக் கோபம்தான் வந்தது.

வீட்டில் ஆளுக்கு ஒரு யோசனை. மகள், "உண்மையைச் சொல்லிடுங்கம்மா, அத்தை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றாள். அந்த மூன்று வருஷம் எனக்கு எப்படிப் போனதென்று அவளுக்குத் தெரியாது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அண்ணன் மட்டும் தனியாக வந்து, வாசலில் நின்றபடியே கேக்கை வாங்கிக்கொண்டு, "நேரமாச்சும்மா" என்று போனதை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது திரும்ப வந்தால் என்னால் ஆகாது. என் வீட்டுக்காரரின் திட்டம் வேறு. வேறு துணியில் இன்னொரு ஏப்ரன் தைத்து, அதே காகிதத்தில் சுற்றி, அண்ணி வீட்டு மரத்தடியில் இருக்கும் பொட்டலத்தோடு மாற்றிவிட வேண்டும். சேலையை டோபி தொலைத்துவிட்டான் என்று சொல்ல வேண்டும்.

"பாவம்ங்க அந்த டோபி."

"டோபிக்குத் தெரியவா போகுது?"

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் அந்தத் திட்டத்துக்கு ஒத்துக்கொண்டேன். நீலமும் வெள்ளையுமாக ஒரு ஏப்ரன் தைத்தேன். சனிக்கிழமை காலை கிள்ளானில் ரயில் ஏறினேன். வழியெல்லாம் டோபி கதையை மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். எந்த இடத்தில் பெருமூச்சு விடுவது என்பது வரைக்கும் முடிவாகியிருந்தது.

அண்ணி கதவைத் திறந்தார். ஏப்ரன் கட்டியிருந்தார்.

மாங்காய்ப் பச்சைச் சதுரங்கள். கழுத்தைச் சுற்றி அரக்குக் கரை. மார்பிலும் வயிற்றிலும் மாவு.

"வா. செருப்பை வெளியவே விடு, தரையெல்லாம் எண்ணெய்" என்றார். நான் நகரவில்லை. "என்ன அப்படிப் பாக்குற? நீ தச்சதுதான?"

"கிறிஸ்துமஸ் அன்னைக்குப் பிரிக்கச் சொல்லி எழுதியிருந்தேனே அண்ணி."

"முறுக்கு அன்னைக்கா சுடப்போறேன்? ஏப்ரன் இப்பதான் வேணும்."

ஹாலில் அண்ணன் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். "வாம்மா. உடைஞ்ச முறுக்கு மட்டும் சாப்பிடலாம். முழுசைத் தொட்டா கை இருக்காது" என்றார்.

அடுக்களையில் அண்ணி அச்சை எண்ணெயில் முக்கினார், மாவில் தோய்த்தார், மறுபடி எண்ணெயில் விட்டார். அச்சு முறுக்கு பூவாகக் கழன்று மிதந்தது. என் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"பாக்கெட் சின்னதா வச்சிட்ட. போன் நுழையல."

"பெருசா வச்சுத் தரேன் அண்ணி."

"நாடா நல்லா இருக்கு. பட்டுக் கரை. யாரு குடுத்த சேலை?"

டோபி வாய் வரைக்கும் வந்தார். பெருமூச்சுகூடத் தயாராக இருந்தது. ஆனால் அந்தத் துணியே எனக்கு முன்னால் நின்று முறுக்கு சுட்டுக்கொண்டிருக்கும்போது எதை டோபி தொலைத்தார் என்று சொல்வேன்?

"உங்க சேலைதான் அண்ணி."

"எது?"

"நீங்க போன்ல கேட்டீங்களே, அதுதான். அதைத்தான் நீங்க கட்டியிருக்கீங்க."

அச்சு எண்ணெயில் அப்படியே இருந்தது. மாவு கருகுகிற வாசம் வந்தது. அண்ணி அடுப்பை அணைத்தார். ஏப்ரனின் கீழ்ப்பக்கத்தைத் தூக்கி, ஓரத்துச் சதுரம் ஒன்றை என்னிடம் காட்டினார். வட்டமாக ஒரு மங்கலான கறை.

"கல்யாணத்து அன்னைக்குச் சம்பந்தி உம்மேல ரசத்தை ஊத்தினாரே. டோபிக்குப் போட்டும் போகல பாரு. பிரிச்ச அன்னைக்கே பாத்துட்டேன்."

"தெரிஞ்சேவா போன் பண்ணீங்க?"

"அப்புறம்? நீயா சொல்லுவன்னு பாத்தேன். 'சரிங்க அண்ணி'ன்ன. அப்பவும் சரி, நாளைக்குச் சொல்லுவன்னு பாத்தேன். மூணு நாளாச்சு." அவர் குரல் உயரவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "நாம பேசாம இருந்த மூணு வருஷத்துல நீ எங்கிட்ட ஒரு பொய் சொன்னதில்ல. பேச ஆரம்பிச்சு ஒரு வருஷம்கூட ஆகல."

கதவுப் பிடி, கூடை, சக்கரக் கத்தி, எல்லாவற்றையும் கொட்டினேன். தெரியாமல்தான் வெட்டியது, இருந்ததிலேயே நல்ல துணியென்றுதான் அவருக்காகப் பொறுக்கினேன் என்று சொல்லும்போது அழுகை வந்துவிட்டது.

"எட்டி நின்னு அழு. எண்ணெய்ல தண்ணி விழும்" என்றார் அண்ணி.

பிறகு நாடாவை விரலால் தடவிப் பார்த்தார். "எல்லாத்துலயும் நல்லதுன்னு பொறுக்கினியாக்கும்" என்றார். "என் சேலையை எடுத்து எனக்கே குடுக்க உன்னாலதான் முடியும்." அதைத் திட்டு என்றும் சொல்ல முடியாது, திட்டில்லை என்றும் சொல்ல முடியாது.

"பையில என்ன?"

இரண்டாவது பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன். எதற்குக் கொண்டுவந்தேன் என்பதையும் சொன்னேன். இனி எதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அண்ணி பிரித்தார், நீல ஏப்ரனை விரித்தார், ஹால் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"இங்க வாங்க. உங்களுக்கு ஒண்ணு வந்திருக்கு. கட்டிக்கிட்டு மாவைக் கலக்குங்க."

"நான் என்ன பண்ணேன்?" என்றார் அண்ணன்.

"உங்க தங்கச்சி பண்ணா. வாங்க."

மத்தியானம் வரைக்கும் மூன்று பேரும் முறுக்கு சுட்டோம். அண்ணி என்னிடம் நேராகப் பேசியதெல்லாம் "அதை எடு", "இதைத் தள்ளு" அளவுதான். கிளம்பும்போது லிஃப்ட் வரைக்கும் வந்தார்.

"கிறிஸ்துமஸுக்கு நீலத்துல சேலை வாங்கியிருக்கல்ல? ஸ்டேட்டஸ்ல போட்டிருந்த."

"ஆமா அண்ணி."

"எனக்குக் கட்ட இப்ப சேலை இல்ல. மகள்கிட்ட குடுத்து அனுப்பு. கட்டிட்டுத் தரேன்."

லிஃப்ட் மூடிய பிறகுதான் எனக்கு உறைத்தது. கேட்டுவிட்டார். என்னிடமிருந்து ஒன்றைக் கேட்கிறார் என்றால் இனிமேல் பேசுவார். என் நீலச் சேலை, இரண்டு மாதம் பார்த்துப் பார்த்து எடுத்தது, ஒரு தடவைகூட உடம்பில் படாதது, போனால் போகட்டும் என்றுதான் அந்த நேரத்தில் இருந்தது.

கிறிஸ்துமஸ் காலையில் என் சேலையைக் கட்டிக்கொண்டு அண்ணி கிள்ளானில் எங்கள் மாதா கோவிலுக்கே வந்தார். நான் போன வருஷத்துச் சேலையில் நின்றேன். பாட்டுக் குழுவில் இருக்கும் ஒருத்தி என்னிடமே வந்து, "உங்க அண்ணிக்கு அந்த நீலம் எப்படி எடுப்பா இருக்கு பாருங்க, அவங்களுக்குன்னே நெய்த மாதிரி" என்றாள். என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று இருமினார். மத்தியானம் அண்ணனும் அண்ணியும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். வாசலில் நிற்கவில்லை. உட்கார்ந்து, இரண்டாம் தடவை கறி கேட்டு வாங்கி, பாத்திரம் கழுவ உதவி செய்து, சாயங்காலம்தான் போனார்கள்.

இப்போது தவக்காலமும் வந்துவிட்டது. நீலச் சேலை வரவில்லை. கேட்க எனக்கு எந்த முகம் இருக்கிறது? பிரிக்ஃபீல்ட்ஸ் போகிறபோதெல்லாம் அண்ணி வீட்டுக் கதவுப் பிடிகளை ஒவ்வொன்றாக ஓரக்கண்ணால் பார்க்கிறேன், துணிக்கடைப் பை ஏதாவது தொங்குகிறதா என்று. போன வாரமும் பார்த்தேன். அடுக்களைக் கதவுப் பிடியில் ஏப்ரன்தான் தொங்கிக்கொண்டிருந்தது. பாக்கெட்டின் தையலை அண்ணி பிரித்து வைத்திருந்தார், நான்தான் பெரிதாகத் தைத்துக் கொடுக்க வேண்டும்.